கல்லுக்குள் எவ்வளவு இடம்?

கல் என்றால் இறுகியது, உள்ளே எதுவும் புக முடியாதது என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் மணற்கல்லின் மணிகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத சிறு வெளிகள் எண்ணற்றவை உள்ளன. நீரும் எண்ணெயும் எரிவாயுவும் தங்கியிருப்பது அந்த வெளிகளில்தான். பாறையின் கனவளவில் அவை எத்தனை சதவீதம் என்பதையே நுண்டுளைமை என்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த மாதங்களில் இந்த ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதற்குக் காரணம் உம்மா கேட்ட ஒரு கேள்வி. 2022இல் சமையல் எரிவாயுவுக்காக நாடே வரிசையில் நின்றது நினைவிருக்கும். வெற்றுச் சிலிண்டரோடு திரும்பி வந்த உம்மா, “மன்னார்ல காஸ் இரிக்கிது எண்டாங்களே மகள், அது எங்க?” என்றார். அவர் சொன்னது சரிதான். 2011ஆம் ஆண்டு மன்னார்க் கடலில் 1,300 மீற்றருக்கும் அதிகமான நீராழத்தில் கெயார்ன் லங்கா நிறுவனம் துளைத்த ‘டொராடோ’ கிணற்றில் எரிவாயு கண்டறியப்பட்டது. அடுத்து ‘பரகுடா’ கிணற்றிலும் கிடைத்தது. ஆயினும் இன்றுவரை அங்கிருந்து நம் அடுப்புக்கு எதுவும் வரவில்லை. ஆழ்கடலில் வேலை செய்யும் செலவு, உலகச் சந்தை விலை என்று காரணங்கள் பல. அவற்றோடு எந்தக் கிணற்றிலும் முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு: பாறையில் இருப்பது எவ்வளவு, அதில் எடுக்கக்கூடியது எவ்வளவு?

இவ்விரண்டையும் வேறாக்குவது களிமண். மணற்கல் பெரும்பாலும் சுத்தமாக இருப்பதில்லை. ஷேல் எனப்படும் களிப்பாறை அதனுள் கலந்திருக்கும். களியிலும் நுண்ணிய வெளிகள் உண்டு; அவற்றில் நீரும் உண்டு. ஆனால் களி அந்த நீரை விடாமல் பற்றிக்கொள்ளும். ஆகவே மொத்த நுண்டுளைமையிலிருந்து களியின் பங்கைக் கழித்தால்தான் பயன்தரு நுண்டுளைமை கிடைக்கும்.

அமெரிக்காவின் கன்சாஸ் புவிச்சரிதவியல் ஆய்வகம் தன் மாநிலத்துக் கிணறுகளின் அளவீடுகளை எவரும் பார்க்க இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றைப் பார்த்துப் பழகியபின், வீட்டுக் கணினியின் விரிதாள் மென்பொருளில் நானே கணக்கை அமைத்தேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். கிணற்றுக்குள் இறக்கிய கருவி ஓர் ஆழத்தில் அடர்த்தி 2.32 என்று காட்டுகிறது. மணல்மணியின் அடர்த்தி 2.65, நீரினது 1. 2.65இலிருந்து 2.32ஐக் கழித்து 1.65ஆல் வகுத்தால் 0.20. அதாவது மொத்த நுண்டுளைமை 20 சதவீதம். அடுத்தது காமாக் கதிர் அளவீடு. களியில் பொற்றாசியமும் தோரியமும் கூடுதலாக இருப்பதால் அங்கே கதிர் கூடும். சுத்தமான மணலில் 20, முழு ஷேலில் 120, நம் பாறையில் 60 என்றால் ஷேலின் பங்கு 40 சதவீதம். ஷேலில் அடர்த்திக் கருவி காட்டும் நுண்டுளைமை 10 சதவீதமாயின், கழிக்க வேண்டியது அதில் 40 சதவீதம், அதாவது 4. மீதி 16.

இதைத் திரையில் பார்த்த வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கெப்பட்டிபொலச் சந்தைக்கு உருளைக்கிழங்கு ஏற்றி இறக்கிய கை அவருடையது. “இது மூட்டைக்கு மண் கழிக்கிற கணக்குத்தானே மகள்?” என்றார். அதேதான். மழை நாளில் தோண்டிய கிழங்கில் ஒட்டியிருக்கும் களியும் தராசில் நிறையாகத்தான் விழும், கறிக்கு உதவாது. பிறகு அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: “எவ்வளவு கழிக்கிறது எண்டு யார் முடிவு பண்ணுறது?”

கணினி முடிவு செய்வதில்லை. லாரியோனோவ் என்பவர் இளம் பாறைகளுக்காகத் தந்த சூத்திரத்தை இட்டால், அதே அளவீடுகளுக்கு ஷேலின் பங்கு 40 அல்ல, ஏறத்தாழ 15 சதவீதம்தான். பயன்தரு நுண்டுளைமை 16இலிருந்து 18.5 ஆகிவிடுகிறது. பொற்றாசியம் நிறைந்த பெல்ஸ்பார் மணலில் இருந்தால், களி இல்லாமலேயே காமா கூடி நம்மை ஏமாற்றும். மென்பொருள் இரண்டு விடைகளையும் ஒரே தெளிவோடு அச்சிட்டுத் தரும். பாறைத் துண்டை மேலே எடுத்து ஆய்வுகூடத்தில் அளந்து, எது பொருந்துகிறது என்று தீர்மானிப்பது மனிதர் வேலை.

நம் மலைநாட்டுக்கும் இதில் பங்குண்டு. இங்குள்ளது மணற்கல் அல்ல. வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய கடும்பாறை. அதன் மணிகளுக்கிடையே இடமே இல்லை எனலாம். நீர் ஓடுவது வெடிப்புகளின் வழியே. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் பெருக்கெடுத்தபின் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதையும் வீடுகள் வெடித்ததையும் ஊவாவில் யாரும் மறக்கவில்லை. வெளி எவ்வளவு என்பது மட்டும் போதாது, ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் தேவையில்லை.

“பெண்பிள்ளைக்குக் கல்லோடு என்ன வேலை?” என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் இருக்கிறது. மலையில் ஏறும் வேலையும் உண்டு, மேசையில் அமர்ந்து கணக்கிடும் வேலையும் உண்டு. நம் கிணற்றடியில் என்ன இருக்கிறது, சுரங்கம் போனால் என்ன ஆகும், கடலுக்கடியில் உள்ளதில் எவ்வளவு நமக்குக் கிடைக்கும் என்று நாளை யாராவது ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணில் எதைக் கழித்தீர்கள், ஏன் கழித்தீர்கள் என்று கேட்கத் தெரிந்தவர்கள் நம் ஊரிலும் இருக்க வேண்டாமா? என் விண்ணப்பப் படிவத்தில் வாப்பா கையெழுத்திட்டுவிட்டார். தங்கைகளே, உங்களுடையதையும் வீட்டில் காட்டுங்கள்.