கல்யாண போட்டோவில் இல்லாத அம்மா... நூலால் நிறுத்திய மகள்!

பழைய வீடுகளின் முன்கூடத்தில் இரண்டு விஷயங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, உத்தரத்துக்குக் கீழே சற்றே முன்சாய்ந்தபடி வரிசையாக மாட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள். இன்னொன்று, அந்த வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மேட்டி துணியில் தைத்த 'நல்வரவு'. பக்கத்தில் இரண்டு அன்னங்களோ, ஒரு கிளியோ இருக்கும். இப்போது அந்தப் படமும் தையலும் ஒரே சட்டத்துக்குள் வரத் தொடங்கியிருக்கின்றன. குடும்பப் படத்தைத் துணியில் அச்சிட்டு, அதன் மேல் கையால் எம்பிராய்டரி செய்து மாட்டுகிறார்கள்.

படத்துக்குத் துணியும் நூலும் சேர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1894-ல் மும்பையில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் தெய்வப் படங்கள் செட்டிநாட்டு வீடுகளுக்கும் வந்தன. அந்தச் சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் நிஜத் துணியில் சேலை கட்டி, ஜரிகையும் சமிக்கியும் வைத்து அலங்கரித்தார்கள். அப்படிப்பட்ட படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

பாளையங்கோட்டையைச் சேர்ந்த அந்த அம்மாவுக்கு வயது 66. 1979-ல் திருமணம். கல்யாணத்துக்கு எடுத்த குழுப்படம் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், மடியில் குழந்தைகள் என்று 19 பேர் இருக்கும் அந்தப் படத்தில், மணப்பெண்ணைப் பெற்ற அம்மா இல்லை. கணவரை இழந்தவர் என்பதால் மணவறைப் பக்கம் வரவில்லை. படம் எடுத்தபோது அவர் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தனக்கும் தோன்றவில்லை என்கிறார் மகள்.

அம்மா இறந்த பிறகு தேடியதில், அவருடைய முகம் தெரிவது வாக்காளர் அட்டையில் மட்டும்தான். அதுவும் மங்கல்.

பள்ளியில் கற்ற தையல் கை மறந்துவிடவில்லை. பேத்தி அந்தக் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து, பருத்தித் துணியில் அச்சிட்டுக் கொண்டு வந்தாள். மணப்பெண்ணுக்கு இடப்பக்கம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம் விடச் சொல்லியிருந்தார் பாட்டி. அங்கே காம்புத் தையலில் ஒரு பெண்ணின் வடிவத்தை எழுப்பினார். பின்கொண்டை, இழுத்துப் போர்த்திய முந்தானை, முன்னால் கோத்த கைகள். முகத்தில் கண், மூக்கு எதுவும் போடவில்லை. "வாக்காளர் அட்டையில இருக்கிறது எங்கம்மா முகமே இல்ல. அதைப் பார்த்துப் போட மனசு வரல. நிக்கிற விதம்தான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்கிறார்.

சேலையின் நிறம்தான் பெரிய கேள்வியானது. அன்று அம்மா கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் எடுபடாது. மூன்று நாள் யோசித்தார். டிரங்குப் பெட்டியில் கடைசிவரை மடித்தே வைத்திருந்த அம்மாவின் கல்யாணச் சேலை நினைவுக்கு வந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை. அந்த இரண்டு நிற நூல்களையே வாங்கினார். கறுப்பு வெள்ளையில் 19 பேர் நிற்க, அம்மா மட்டும் நிறத்தோடு நிற்கிறார்.

வீட்டில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. இறந்தவர்கள் படத்தைத் தனியே மாட்டி, பொட்டு வைத்து, மாலை போடுவதுதான் வழக்கம். "ஏட்டி, இருக்கிறவங்களோட இல்லாதவங்களச் சேத்து மாட்டலாமா?" என்று கேட்டார் 85 வயது அத்தை.

"இருந்தப்பவும் சேத்து நிக்க விடலையே அத்தை."

அத்தை பதில் சொல்லவில்லை. படத்தை இறக்கச் சொல்லவும் இல்லை.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு...

* அசல் படத்தில் ஊசி படவே கூடாது. போட்டோ காகிதத்தில் விழும் துளை மூடாது. வரிசையாகத் துளைத்தால் அஞ்சல்தலை போலக் கிழிந்துவிடும். ஸ்கேன் செய்து நகலில் மட்டும் தைக்கவும்.

* பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம்.

* நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே அச்சுக்கும் தையலுக்கும் நல்லது. சில அச்சு மைகள் தண்ணீர் பட்டால் கரையும். ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கவும்.

* எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் இருக்கும். மெல்லிய கோடுகளுக்கு இரண்டு இழை போதும். கோட்டுக்குக் காம்புத் தையல், கரைக்குச் சங்கிலித் தையல், பூவுக்கு முடிச்சுத் தையல் பொருந்தும். முகங்களைத் தைக்காமல் விடுவதே நல்லது.

* தையல் வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடவும். நாள்கணக்கில் விட்டால் துணியில் தடம் விழும்.

* சட்டம் போடும்போது துணி கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லவும். வெயில் நேரே விழும் இடமும், மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரும் வேண்டாம்.

* அசல் படத்தை பிளாஸ்டிக் உறையில் போடாமல் காகித உறையில் வைக்கவும். செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். நாளடைவில் பழுப்பாகிக் கறை விடும்.

துணியை வெட்டும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் படத்தைக் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதில் யார் இல்லை, ஏன் இல்லை என்றும் கேளுங்கள். பந்தியில் நின்றவர், கைக்குழந்தையோடு ஊரில் தங்கிவிட்டவர், சண்டையில் வராமல் போனவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். பெயர், உறவு, வருடம் மூன்றையும் துணியின் பின்பக்கம் தைத்துவையுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் இன்னும் சில வருடங்கள்தான் நம்மோடு இருப்பார்கள்.