மல்லியின் தாடை

என் முயல் மல்லியைக் கையில் எடுத்துக் கொஞ்சும்போதுதான் தட்டுப்பட்டது. இடது தாடையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. இரண்டு நாளாகவே கேரட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். முகவாய் முடி எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. வெயிலால்தான் என்று நினைத்துவிட்டேன்.

முதலில் போன இடத்தில் அமாக்சிசிலின் சொட்டு மருந்து எழுதித் தந்தார்கள். நல்லவேளை, கொடுக்கவில்லை. நாய்க்கும் பூனைக்கும் ஒத்துக்கொள்ளும் அந்த மருந்து, வாய்வழியாகப் போனால் முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே வாங்கிவிடும்.

முயல் பார்த்துப் பழகிய டாக்டர் ஒருவரைத் தேடிப்போனோம். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் ஆயுசு முழுக்க வளரும். காய்ந்த புல்லை அரைத்து அரைத்துத் தேயாவிட்டால் வேர் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் பிடிக்குமாம். நான் கேரட்டும் கடைத் தீவனமுமாகக் கொடுத்து வளர்த்தவள். அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சீழும் நமக்கு வருவதுபோல வடியாது, பற்பசை மாதிரி கெட்டி. கட்டியை உறையோடு எடுத்து, கெட்ட பல்லையும் பிடுங்கினார். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் ஆபரேஷனுக்கு முன் பட்டினியும் போடவில்லை.

இப்போது மூன்று மணிக்கொரு தரம் சிரிஞ்சில் கூழ் ஊட்டுகிறேன். இன்று காலை ஒரு கொத்தமல்லித் தண்டைத் தானாகவே இழுத்துக் கடித்தாள்.

முயல் வளர்ப்பவர்களே, அரை நாள் அது சாப்பிடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.