தவணை முடியும் இரவு



2023ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் வீட்டில் மஃரிப் தொழுகைக்குப் பின் உணவருந்த அமர்ந்தோம். அப்போது எங்கள் மகன் ஒரு கேள்வி கேட்டான். “வாப்பா, வேலைநிறுத்தம் செய்யலாம் என்று வாக்களிப்பது நம் மார்க்கத்தில் ஆகுமானதா?” அன்றிரவு சோறு ஆறிப்போகும் வரை பேச்சு ஓயவில்லை.

கல்லூரியில் படித்துக்கொண்டே யு.பி.எஸ். என்னும் பொதி விநியோக நிறுவனத்தில் அவன் பகுதிநேர வேலை பார்த்து வந்தான். விடியலுக்கு முன் விநியோக வண்டிகளில் பொதிகளை ஏற்றும் வேலை அது. ஸுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்படுவான். காலை ஒன்பது மணிக்குத் திரும்பி, குளித்து, வகுப்புக்குச் செல்வான். அவனுடைய ஊதியமும் அந்நிறுவனம் அளித்த கல்வி உதவியும் படிப்புச் செலவின் பெரும் பகுதியைத் தாங்கின. தனக்கென்று அவனிடம் குறை எதுவும் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் படிப்பை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டியவன். “நான் போய்விடுவேன். இதுவே பிழைப்பென்று இருப்பவர்களுக்காகத்தானே இந்த வாக்கு? அதனால்தான் கேட்கிறேன்” என்றான்.

விவரம் இதுதான். 1907இல் சியாட்டில் நகரில் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் அப்போது ஏறத்தாழ 3,40,000 தொழிலாளர்கள் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்தனர். 2018இல் செய்யப்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 2023 ஜூலை 31ஆம் நாள் நள்ளிரவோடு முடிவடைய இருந்தது. அந்தப் பழைய ஒப்பந்தம் ஓட்டுநர்களுக்குள்ளேயே இரண்டு தரங்களை உண்டாக்கியிருந்தது. ஒரே தெருவில் ஒரே விதமான பொதியைச் சேர்ப்பிக்கும் இருவருக்கு வெவ்வேறு ஊதியம். கோடையில் விநியோக வண்டிகளின் வெப்பம், பகுதிநேரத் தொழிலாளரின் ஊதியம், ஓய்வு நாளிலும் கட்டாய வேலை ஆகியவையும் பேச்சுவார்த்தையில் இடம்பெற்றிருந்தன. உடன்பாடு எட்டாவிட்டால் வேலைநிறுத்தத்தை அறிவிக்கும் அதிகாரத்தைத் தலைமைக்கு வழங்கலாமா என்று சங்கம் உறுப்பினர்களிடம் வாக்கு கேட்டது.

அப்போது எங்கள் வீட்டுப் பெரியவர் ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். எங்கள் இருவருள் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். நாற்பது ஆண்டுகள் ஜவுளிக்கடை நடத்தியவர். பேரனைச் செல்லமாக ‘வாப்பா’ என்றே அழைப்பார். “என்ன வாப்பா இது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். படிக்கப் பணம் கொடுக்கிறவனை எதிர்த்து நிற்பதா? செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது முஃமினின் கடமை அல்லவா?” என்றார்.

நாங்களும் அவர் பக்கமே பேசினோம். மருந்துப் பொதிக்காகக் காத்திருக்கும் நோயாளிகள் என்ன ஆவார்கள்? நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு கோடிப் பொதிகள் அந்நிறுவனத்தின் வழியே செல்லும் நாடாயிற்றே! 1997 ஆகஸ்டில் இதே சங்கத்தைச் சேர்ந்த 1,85,000 பேர் 15 நாட்கள் வேலையை நிறுத்தியதையும், கடைக்காரர்கள் திண்டாடியதையும் எடுத்துச் சொன்னோம். பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாதென்ற மார்க்கத்தின் பொதுவிதியை நினைவூட்டினோம்.

இன்று ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நோயாளிகளைப் பற்றி அன்றைக்கு முன்பு நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்களை உண்மையில் வாட்டியது அடுத்த பருவத்துக் கல்லூரிக் கட்டணம். வேலைநிறுத்தக் காலத்தில் சங்கம் தரும் உதவித்தொகை ஊதியத்துக்கு ஈடாகாது. அந்த அச்சத்தை அச்சமென்று சொல்லக் கூசி, மார்க்கத்தின் பெயரால் பேசினோம். மகன் எதிர்த்துப் பேசவில்லை. “ஒப்பந்தத்தை மீறச் சொல்லி யாரும் கேட்கவில்லை உம்மா. அது முடியும் வரை வேலை செய்வோம். முடிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி” என்று மட்டும் சொல்லிவிட்டு உறங்கப் போனான்.

பெரியவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். மறுநாள் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் குர்ஆனைத் திறந்து, சூரா அல்கஸஸில் மூஸா நபியின் (அலை) வரலாறு வரும் பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். எகிப்திலிருந்து தப்பி மத்யனுக்கு வந்த மூஸா நபியை அங்குள்ள பெரியவர் ஒருவர் தம்மிடம் பணியில் அமர்த்திக்கொள்கிறார். தம் மகள்களுள் ஒருவரை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கு ஈடாக எட்டு ஆண்டுகள் பணி செய்ய வேண்டுமென்றும், பத்தாக்கினால் அது அவருடைய விருப்பமென்றும் கூறுகிறார். அவரைச் சிரமப்படுத்தத் தாம் விரும்பவில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கிறார். இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் அதற்கு மேல் தம்மீது வற்புறுத்தல் கூடாதென்று மூஸா நபி பதில் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்.

“இதை எத்தனை முறை ஓதியிருப்பேன்! வேலை என்ன, ஈடு என்ன, தவணை எவ்வளவு, எல்லாம் வேலை தொடங்கும் முன்பே பேசப்பட்டிருக்கிறது. பேசியவர் இருவர். தவணை முடிந்தபின் போகிறவரை நன்றி கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை” என்றார் பெரியவர்.

அன்று எங்களுக்குத் தெளிந்தது இதுதான். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது கடமை. அதன் தவணையும் அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியே. தவணை முடியும் நாளில் புதிய நிபந்தனை கேட்பது துரோகமாகாது. அந்நிபந்தனை நியாயமானதா, பேசித் தீர்க்கும் வழி எஞ்சியிருக்கிறதா, விளையும் தீங்கு எவ்வளவு என்பவற்றை இறையச்சத்தோடு எடைபோட வேண்டும். மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி எங்களுக்கு இல்லை. அது ஆலிம்களின் பணி. ஆயினும், எடைபோடும் பொறுப்பு தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கிற்று.

மகன் ஆதரவாகவே வாக்களித்தான். ஜூன் 16ஆம் நாள் முடிவு வெளிவந்தது. வாக்களித்தோரில் 97 விழுக்காட்டினர் அதிகாரம் வழங்கியிருந்தனர். ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. ஜூலை 5ஆம் நாள் பேச்சுவார்த்தை முறிந்தது. கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்த தொகையை நாங்கள் மறுபடியும் மறுபடியும் எண்ணிப் பார்த்தோம். நாட்டின் பல ஊர்களில் தொழிலாளர்கள் ஒத்திகை மறியல் நடத்தத் தொடங்கினர். எங்கள் மகனும் ஒரு நாள் பதாகையோடு நின்றான். அவனைக் காரில் அழைத்துச் சென்றபோது பெரியவரும் உடன் வந்தார். வேலை தொடங்கும் நேரம் நெருங்கியதும் அத்தனை பேரும் பதாகைகளை வைத்துவிட்டு உள்ளே சென்றனர். ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. “தவணை முடியவில்லை, அதனால் போகிறார்கள்” என்று பெரியவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

ஜூலை 25ஆம் நாள் இரு தரப்பாரும் மீண்டும் அமர்ந்தனர். அன்றே உடன்பாடு ஏற்பட்டது. ஓட்டுநர்களுக்குள் இருந்த இரண்டாம் தரம் நீக்கப்பட்டது. பகுதிநேரத் தொழிலாளரின் ஊதியம் மணிக்குக் குறைந்தது 21 டாலர் என்றாயிற்று. 2024 ஜனவரிக்குப் பின் வாங்கும் விநியோக வண்டிகளில் குளிர்சாதனம் பொருத்தப்படும் என்பதும் எழுத்தில் வந்தது. பகுதிநேரத்தாருக்கு இன்னும் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும் என்று குறைப்பட்டவர்களும் இருந்தனர். ஆகஸ்ட் 22ஆம் நாள் வெளிவந்த வாக்கு முடிவில் 86.3 விழுக்காட்டினர் அதை ஏற்றிருந்தனர். வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். எங்கள் கட்டணம் தப்பியதற்காக மட்டும் அதைச் சொல்லக் கூடாதென்று எங்களை நாங்களே கண்டித்துக்கொண்டோம்.

பெரியவரின் மனம் அதோடு அமைதி அடையவில்லை. ஊருக்குத் திரும்பும் முன் ஓரிரவு அவர் தம் கடையைப் பற்றிப் பேசினார். அங்கே ஒருவர் இருபத்திரண்டு ஆண்டுகள் துணி மடித்தார். வேலை நேரம் இவ்வளவு, சம்பள உயர்வு இத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்கும்போதெல்லாம் “பார்த்துச் செய்வோம் தம்பி” என்பதே பதில். பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தோம், மகள் திருமணத்துக்குப் பணம் தந்தோம் என்று பெரியவர் மனநிறைவோடு இருந்திருக்கிறார். “கொடுத்தது உண்மைதான். ஆனால் அவருக்குச் சேர வேண்டியதையும் ஸதகா கொடுப்பது போலக் கொடுத்துவிட்டேனோ?” என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல இயலவில்லை.

இப்போது கடையை நடத்தும் மகனை அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, வேலை செய்வோர் அனைவருக்கும் நேரம், சம்பளம், விடுப்பு ஆகியவற்றை எழுதிக் கொடுக்கச் சொன்னார். வியாபாரம் மந்தமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று மறுமுனையில் முணுமுணுப்பு. சம்பளமும் விடுப்பும் எழுதப்பட்டுவிட்டன. வேலை நேரம் இன்னும் எழுதப்படவில்லை. தொழுகைக்குப் பின் அதை நினைவூட்டிப் பெரியவர் வாரம் தவறாமல் மகனிடம் கேட்கிறார்.

நம் சமுதாயத்தில் கடை வைத்திருப்போர் பலர். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போர் அதனினும் பலர். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மேடைதோறும் கேட்கிறோம். அந்தக் கூலி எவ்வளவு என்பதை வியர்வை அரும்பும் முன்பே சொல்லிவிட்டோமா? தவணை முடியும்போது அவர்கள் நம்மிடம் கேட்க வாய் திறக்க முடிகிறதா? மூன்றரை லட்சம் பேர் ஒன்றுசேர்ந்தால் ஒரு பெரிய நிறுவனம் பேச அமர்கிறது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் சகோதரி தனி ஒருவர். அவருக்காகப் பேச வேண்டியது நம் மனச்சாட்சியே.

வாங்கும்போது நிறைத்தும் கொடுக்கும்போது குறைத்தும் அளப்போரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்த்துவிடாமல் காப்பானாக. ஆமீன்.