நத்தார் மேசையும் முழுத் தொடையும்

இலங்கைத் தமிழில் வழங்கும் குசினி, போறணை, பாண், நத்தார் முதலிய சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. வந்த சுவடு தெரியாத அளவுக்கு அவை தமிழர் வாய்க்குப் பழகிவிட்டன. ஆயின், அதே குசினியில் நத்தாருக்கெனச் சமைக்கப்படும் ஹாம் என்னும் உணவுக்குத் தமிழில் இன்னும் தனிப்பெயர் அமையவில்லை. உப்பிலிட்டுப் பதப்படுத்திய பன்றியின் பின்னந்தொடை என விளக்கியே சொல்ல வேண்டியுள்ளது. சைவரும் இஸ்லாமியரும் அயலவராக வாழும் ஊரில் அது வீட்டு மதிலைத் தாண்டாத பண்டம் என்பது இதற்குக் காரணமாகலாம். நத்தார் கேக் மதிலைத் தாண்டும். அது சென்ற தட்டுத் தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வரும். ஹாமுக்கு அத்தகைய பயணம் இல்லை.

தெஹிவளையில் பழைய பறங்கியர் இல்லமொன்றில் இந்த ஹாமை முன்னிட்டு ஆண்டுதோறும் ஒரு வழக்கு நிகழ்ந்து வருகிறது. வழக்காளி மகன், எதிராளி எண்பது வயதை அண்மிய தாய். ஒரு காலத்தில் அவ்வீட்டு நத்தார் மேசையில் இருபத்திரண்டு பேர் அமர்ந்தனர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர்ப் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, அம்மூதாட்டியின் உடன்பிறந்தாரும் ஒருவர் பின் ஒருவராக மெல்பேணுக்குச் சென்றனர். பிள்ளைகளில் மூவர் பின்னர் அதே வழியிற் போயினர். இன்று மேசையில் இருப்போர் நால்வர். தொடையின் நிறையோ பழையபடி 8 கிலோ.

எலும்பு நீக்கிய 2 கிலோத் துண்டொன்று போதும் என்பது மகனின் கட்சி. விலை, எரிவாயு, குளிர்சாதனப் பெட்டியின் இடம் ஆகிய மூன்றையும் அவர் கணக்கிட்டுக் காட்டுவார். கணக்கில் பிழையில்லை. 2022ஆம் ஆண்டு, எரிவாயுவும் மின்சாரமும் அரிதாயிருந்த நிலையில், அவ்வீட்டில் ஹாம் இல்லாமலே நத்தார் கழிந்தது. எவரும் குறை சொல்லவில்லை. அவர்கள் குறை சொல்லாததே தாயை மிக வருத்தியது.

ஹாம் என்றதும் பலர் அதன் மினுங்கும் மேற்பூச்சையே நினைப்பர். அப்பூச்சு கடைசி அரைமணி நேரத்து வேலை மாத்திரமே. உப்பு, சீனி, சிறிதளவு வெடியுப்பு ஆகியவற்றில் தொடை பல நாட்கள் கிடந்து பதமாகிறது. வெடியுப்பிலிருந்து உண்டாகும் நைத்திரைற்று இறைச்சியின் செந்நிறப் பொருளோடு கூடுவதனாலேயே, வெந்த பின்னரும் இறைச்சி சாம்பல் நிறமடையாது இளஞ்சிவப்பாக நிற்கிறது. இவ்வளவும் கடைக்காரர் பொறுப்பு. வீட்டுக்கு வந்த தொடையை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, மிகையான உப்பைப் போக்கிய பின்னரே அடுப்பேற்ற வேண்டும். அரைக் கிலோவுக்கு 20 நிமிடம் என்பது பழைய கணக்கு. அதன்படி 8 கிலோத் தொடைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். அந்நேரம் முழுவதும் தண்ணீர் குமுறிக் கொதிக்கலாகாது. சிறு குமிழிகள் எழுந்தெழுந்து அடங்க வேண்டும். தீ மிஞ்சினால் தசை சுருங்கி, தன்னிடமுள்ள நீரை இழந்து, சவைப்பதற்கு அரிதாகிவிடும். அத்தனை பெரிய பானை அவ்வீட்டில் ஒன்றே உண்டு. ஆண்டில் ஒரு நாளுக்காகவே அது மேற்றட்டில் இருக்கிறது.

இளஞ்சூட்டில் தோலை உரித்து, உள்ளிருக்கும் வெண்கொழுப்பிற் கத்தியால் சாய்சதுரங்கள் கீறி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கராம்பைக் குத்துவார்கள். பின்னர் மண்ணிறச் சீனி, அரைத்த கடுகு, அன்னாசிச் சாறு ஆகியவற்றைக் குழைத்துப் பூசிக் கடுஞ்சூடான போறணையில் வைத்து, இடையிடையே மீண்டும் பூசுவார்கள். சீனி கருகிக் கசந்துவிடச் சில நிமிடங்கள் போதும். ஆகவே அந்த அரைமணி நேரமும் எவரும் போறணையை விட்டு அகல்வதில்லை.

நீர்கொழும்பிலிருந்து வந்த மருமகள் ஒரு முறை சீனிக்குப் பதிலாகக் கித்துள் பாணியைச் சேர்த்தார். மூதாட்டி முகஞ் சுளித்தார். உண்ட பின்னர் ஒன்றும் சொல்லவில்லை. மறு ஆண்டு பாணிப் போத்தலை வாங்கி வைத்தவர் அவரே. சுவையை இவ்வளவு எளிதில் விட்டுக்கொடுத்தவர் அளவை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்பது மகனுக்குப் புரியவில்லை. மகன் மேசையில் இருப்போரை எண்ணுகிறார். தாயின் எண்ணிக்கையில் இல்லாதோரும் அடங்குவர். முழுத் தொடை பலர் கூடும் வீட்டுக்குரிய உணவு. அதைச் சிறிதாக்குவது, போனவர்கள் இனி வரமாட்டார்கள் என்று எழுதிக் கையொப்பமிடுவதை ஒக்கும்.

மெல்பேணில் நத்தார் நடுக்கோடையில் வருகிறது. அங்குள்ள தங்கை ஹாமைக் குளிரவைத்தே பரிமாறுகிறாராம். எஞ்சியதை வினாகிரி கலந்த நீரில் நனைத்த துணிப்பையில் வைத்துப் பல நாட்கள் பேணுகிறாராம். கைத்தொலைபேசியின் திரையில் அக்காளும் தங்கையும் தத்தம் தொடைகளைக் காட்டிச் சாய்சதுரங்களின் நேர்த்தியை ஒப்பிடுவர். அக்காளின் கீறல்கள் இப்போது சற்றுக் கோணலாகின்றன. தங்கை அதைக் கண்டும் காணாதவராய்க் கராம்பின் விலையை விசாரிப்பார்.

கடந்த நத்தாருக்கும் 8 கிலோவே வந்தது. நால்வர் உண்டபின் எஞ்சியதை மகனே மெல்லிய துண்டுகளாக வெட்டினார். பங்கிலே தனித்து வாழும் முதியோர் எவரெவர் எனத் தாய் பெயர் சொல்லச் சொல்ல, மருமகள் பொதி கட்டினார். ஒன்பது பொதிகள் சென்றன. எலும்பு மறுநாள் பருப்புச் சூப்புக்கு ஆயிற்று.