தனியாய்ச் சுமக்கிற பாரம்



ஊழியத்திற்கு வருமுன் நான் ஒரு கல்லூரியில் நூலகராய் இருந்தேன் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கே நான் மிகத் தாமதமாய்க் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நூலகத்தின் அட்டைப் பட்டியலைக் கணினிக்கு மாற்றும் பணி தொடங்கிய ஆண்டில், நூலக அறிவியல் பயின்ற ஒரு சகோதரி உதவியாளராய்ச் சேர்ந்தார். நான் அவருக்குக் கொடுத்த வேலை, நூல்களில் முத்திரை இடுவதும் முதுகில் எண் ஒட்டுவதும் மாத்திரமே. விவரங்களைக் கணினியில் ஏற்றும் பொறுப்பை நானே வைத்துக்கொண்டேன். வகைப்பாட்டு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் நூல் வேறு அடுக்குக்குப் போய்விடும். பிறகு அது இருந்தும் இல்லாததே. அதைக் காரணம் காட்டி என்னை நானே நியாயப்படுத்திக்கொண்டேன்.

ஆறு மாதங்கள் கடந்தன. மற்ற அலுவல்களுக்கிடையே நாளொன்றுக்கு 20 நூல்களுக்கு மேல் என்னால் ஏற்ற முடியவில்லை. தேர்வுக் காலம் வந்தபோது மாணவர்கள் அட்டையிலும் தேடி, கணினியிலும் தேடி அலைந்தார்கள். ஒரு மாலை அந்தச் சகோதரி பணிவிலகல் கடிதத்தை என் மேசைமேல் வைத்து, "ஐயா, என்னை நம்பி ஒரு வேலையும் தர முடியாதென்றால், நான் இங்கே இருந்து என்ன பயன்?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை அதிகமாய்க் குத்தியது.

அன்றிரவு யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். மோசே காலைமுதல் மாலைவரை தனியாய் அமர்ந்து ஜனங்களின் வழக்குகளை விசாரிக்கிறார். அது அவரையும் காத்துநிற்கும் ஜனங்களையும் சோர்ந்துபோகச் செய்யும் என்று அவருடைய மாமனாகிய எத்திரோ எச்சரிக்கிறார். அவர் சொன்ன ஆலோசனையின் வரிசையைக் கவனியுங்கள். முதலாவது, கற்பிக்க வேண்டும். இரண்டாவது, தகுதியுள்ளவர்களைத் தெரிந்துகொண்டு பொறுப்பில் வைக்க வேண்டும். மூன்றாவது, சிறிய காரியங்களை அவர்களே தீர்க்க, பெரியவை மாத்திரம் மோசேயிடம் வர வேண்டும்.

மறுநாள் அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். தமிழ் இலக்கியப் பகுதி முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தேன். அடுத்த பருவம் தொடங்குமுன் மாணவர் ஒரே தேடலில் நூலைக் கண்டடைய வேண்டும் என்று நோக்கத்தைச் சொன்னேன். விதிகளை எழுதிக் கொடுத்தேன். முதல் 50 பதிவுகளை இருவரும் சேர்ந்து பார்த்தோம். பிறகு வெள்ளிதோறும் பத்துக்கு ஒன்றைச் சரிபார்த்தோம். இரு பொருள்களில் அடங்கக்கூடிய நூல்களை மாத்திரம் என்னிடம் கொண்டுவரச் சொன்னேன்.

இரண்டாம் வாரமே தவறு நேர்ந்தது. சில ஆசிரியர்களின் பெயர்களில் முதலெழுத்து முன்னாலும், சிலவற்றில் பின்னாலும் ஏறியிருந்தது. ஒரே ஆசிரியரின் நூல்கள் பட்டியலில் இரண்டு இடங்களில் சிதறிக் கிடந்தன. பணியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே என் மனம் துடித்தது. ஆனால் நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். முதலெழுத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை! அந்தக் குறை என்னுடையது. அவரே அனைத்தையும் திருத்தி, பெயர்களுக்கென்று தனி விதித்தாள் ஒன்றையும் எழுதினார். பின்னாளில் வந்த புதியவர்களுக்கு அதையே கொடுத்துப் பழக்கினோம்.

இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் நியமிக்கப்பட்டபோது நூலகப் பயிற்சி பெறாத கணித ஆசிரியராகவே இருந்தார். பயிற்சிக்காக அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசியானது, நூலகம் வளரும் ஓர் உயிர் என்பது. நூல்களும் வாசகர்களும் வளர்வதுபோலப் பணியாளர்களும் வளர வேண்டும் என்பதை அதில் அவர் விளக்கினார். ஒரு புதியவரை நம்பிக் கற்றுக்கொள்ளவும் இடங்கொடுத்ததன் பலனை இன்றுவரை நூலகங்கள் அனுபவிக்கின்றன.

அன்பானவர்களே, அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்ந்தவரையோ, ஓய்வுநாள் பள்ளியில் உதவ வந்த வாலிபரையோ நீங்கள் இன்னும் முத்திரை இடும் வேலையிலேயே வைத்திருக்கிறீர்களா? இந்த வாரம் ஒரு முழுப் பொறுப்பைக் கற்பித்து ஒப்படையுங்கள். முதல் தவறு வரும்போது, நீங்கள் சொல்லாமல் விட்டது என்ன என்று முதலில் பாருங்கள்.

கர்த்தர் தாமே அதற்குரிய பொறுமையை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.