கொக்கி இல்லாத தூண்டில்

பரங்கிப்பேட்டை என்றால் சரித்திரம் படித்தவர்களுக்கு 1781 ஜூலை 1 ஞாபகம் வரும். ஹைதர் அலியை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடித்த நாள். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிய எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. நான் போனது நண்டு பிடிப்பதைப் பார்க்க.

வெள்ளாறு கடலில் கலக்கும் ஊர் இது. படகுத்துறைச் சுவரில் ஒரு பெரியவர், பக்கத்தில் பேரன். கையில் நைலான் நரம்பு. நுனியில் மீன் தலையும் ஒரு கல்லும். கொக்கியே கிடையாது. நண்டு இரையைக் கொடுக்கால் பற்றிவிட்டால் லேசில் விடாது. அதன் பேராசைதான் கொக்கி.

நரம்பு மெல்ல இறுகியது. நான் பரபரத்தேன். "அவசரப்படாதீங்க சார், இழுத்தா விட்டுடும்" என்றார். சாண் சாணாக, கையசைவே தெரியாமல் ஏற்றினார். தண்ணீர் வெளுக்கும் இடத்துக்கு வந்ததும் நண்டு சுதாரித்துக்கொள்ளுமாம்; அதற்கு முன்பே பேரன் கைவலையை அடியில் கொடுத்துத் தூக்கிவிட்டான். சேற்று நண்டு. கரும்பச்சை ஓடு, விரலை நசுக்கும் கொடுக்கு. முதுகைக் காலால் அமுக்கிக்கொண்டு, இரண்டு கொடுக்கையும் மடக்கிச் சணல் கயிற்றால் கட்ட அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்திருக்காது. உயிரோடு, கால் உடையாமல் இருந்தால்தான் விலை. இந்த ரகம் சிங்கப்பூர் வரைக்கும் விமானம் ஏறுகிறது.

அடுத்து வந்ததைப் பையன் மல்லாத்திப் பார்த்தான். வயிற்று மடல் ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். இது ஆண்தான், ஆனால் உள்ளங்கையளவுகூட இல்லை. ஆற்றிலேயே போட்டுவிட்டான். தாத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு வழக்கம் போலிருக்கிறது.

இங்கிலாந்தில் குரோமர் என்ற கடலோர ஊரில் இதே வேலை குழந்தைகளின் விடுமுறை விளையாட்டு. பிடித்து, வாளியில் போட்டு வேடிக்கை பார்த்து, திரும்பக் கடலில் விடுவார்கள். இங்கே இது அடுப்பெரியும் விஷயம். பக்கத்துப் பிச்சாவரத்தில் இருளர் பெண்கள் வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். அதற்குமுன் தூண்டில் சொகுசுதான்.

ஊரிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நண்டைப் பற்றி அங்கே படித்தவர்கள் எத்தனையோ பேர். சேற்று நண்டு ஆற்றுமுகத்தில் வளர்ந்தாலும் முட்டை பொரிக்கக் கடலுக்குத்தான் போகும். இளங்குஞ்சு பிழைக்க நல்ல உப்புத் தண்ணீர் வேண்டும். அந்தச் சிரமத்தால்தான் சீர்காழிப் பக்கம் தொடுவாயில் தனிப் பொரிப்பகமே வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள்.

நம் வீடுகளில் சினை நண்டென்றால் ஒரு ஆசை. மடலுக்கு வெளியே முட்டை கொத்தாகத் தொங்கும் நண்டைக் கேட்டு வாங்கிப் போவதை எங்கள் மார்க்கெட்டிலேயே பார்க்கிறேன். அது ஒன்றில் லட்சக்கணக்கான முட்டைகள். அடுத்த முறை நண்டு வாங்கும்போது மல்லாத்திப் பாருங்கள். முட்டை தொங்கினால் வேண்டாமென்று சொல்லுங்கள். வாங்க ஆளில்லை என்றால் பிடிப்பவர்களும் அதைக் கரைக்குக் கொண்டுவர மாட்டார்கள்.