பணப்பையும் பிடி அரிசியும்

எங்கள் சர்ச் கமிட்டி எலெக்‌ஷனைப் பார்த்தால், பஞ்சாயத்து எலெக்‌ஷனே தேவலை என்பீர்கள். ஜெயித்தவர்கள் இரண்டு வருஷமாகக் கணக்குக் காட்டவில்லை. பி.காம். படித்த பாவத்துக்கு நான் கேட்டேன்.

"ஆண்டவர் காரியத்துக்குக் கணக்கா தம்பி?" என்றார் பொருளாளர்.

"கணக்கு ஆண்டவருக்கில்லை அண்ணாச்சி, எங்களுக்கு!"

அன்றோடு எனக்கு ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"இன்னுமா சர்ச்சுக்குப் போறே?" என்கிறார்கள் நண்பர்கள்.

இயேசுவின் சீஷர்கள் 12 பேர். பணப்பை வைத்திருந்த யூதாஸ் திருடன் என்று யோவான் 12-ம் அதிகாரம் பச்சையாகவே சொல்கிறது. முதல் பொருளாளரே அப்படி! அந்த ராத்திரி பயந்து ஓடிய மற்ற 11 பேரும் திரும்பி வந்தார்களே?

முன் பெஞ்சுப் பாட்டி, தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைத்த அரிசியோடு ஞாயிறு தவறாமல் வருகிறார். அந்த அரிசியை யாரிடமோ விட்டுவிட்டு நான் ஓடலாமா?

போகிறேன். ஜெபமும் பண்ணுகிறேன், ரசீதும் கேட்கிறேன்.